ஏழு மணித் தாமதம்

நரின் நகரத்தில் புருல்கானின் முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரலைத் தெரியாதவர்கள் யாருமில்லை. இணையம் நின்றுபோனால், வெளியூரில் இருக்கும் மகனோடு பேசும்போது படம் உறைந்துபோனால், ஊரே அழைக்கிற எண்ணில் எடுத்துப் பேசுகிறவள் அவள். "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று அவள் இழுத்துச் சொல்கிற விதத்திலேயே பாதிப் பேருக்குக் கோபம் இறங்கிவிடும். சந்தையில் தக்காளி வாங்க வாயைத் திறந்தால் கடைக்காரி நிமிர்ந்து பார்ப்பாள். "அட, நீங்களா அது! நான் யாரோ சின்னப் பொண்ணுன்னு நெனச்சேன்."

சின்னப் பெண் இல்லை. ஐம்பத்திரண்டு வயது. ஆற்றைப் பார்த்த மூன்றாம் மாடி, ஏழு பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி. மலைகளில் கம்பம் நட்டு, கம்பத்திலிருந்து கம்பத்துக்குக் காற்று வழியாகவே இணையத்தைக் கடத்தி, நல்ல சாலைகூட இல்லாத ஊர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் தொழில். அங்கே புருல்கான் கனவு கண்டுகொண்டே வேலை பார்க்கிறவள் என்று பெயரெடுத்திருந்தாள். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள், தூங்குகிறாளோ என்று தோன்றும். கூப்பிட்டால் பதில் சரியாக வரும்.

முதலில் அவள் மழலையர் பள்ளியில் பாட்டு ஆசிரியை. மடியில் அக்கார்டியனை வைத்துக்கொண்டு, வலது காலால் தரையைத் தட்டித் தாளம் காட்டி, நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் கைதட்ட வைக்கிறவள். பள்ளியை மூடி அந்தக் கட்டடத்தை மேசை நாற்காலிக் கடை ஆக்கினார்கள். அப்புறம் பல வருஷம் மெத்தை தைத்தாள். கணவன் கெரிம்குல் கட்டட வேலைக்கென்று வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் யாகுட்ஸ்க் போனான். போனவன் வாரம் ஒருமுறை பேசுவான்.

"எப்ப வர்றீங்க?"

ஒரு மௌனம். பிறகு, "வர்றேன். இந்த வேலை முடியட்டும்."

அந்த மௌனத்துக்கான பழியை அவள் ஒன்பது வருஷம் தொலைபேசியின் மேலேயே போட்டு வந்தாள். எவ்வளவு தூரம்! அத்தனை காட்டையும் பனியையும் தாண்டிக் குரல் போய்ச் சேர வேண்டாமா, திரும்பி வர வேண்டாமா?

கம்பெனியில் சேர்ந்த முதல் வாரத்தில் முதலாளி இஷென்பை அவளுக்கு ஒரு வேலை கற்றுக்கொடுத்தான். அவளைவிடப் பதினான்கு வயது சின்னவன். அக்கா என்கிற மரியாதையில் அவளை 'எஜே' என்றுதான் கூப்பிடுவான்.

"தூரத்துல இருக்கிற ஒரு மெஷினைத் தட்டணும் எஜே. கதவத் தட்டினா உள்ளேருந்து 'யாரு'ன்னு குரல் வரும்ல? அது வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எண்ணணும். அவ்வளவுதான் வித்தை."

ஒரு விநாடியை ஆயிரம் கூறு போட்டு எண்ணுகிற எண்ணம் அது. புருல்கான் அன்றைக்கே யாகுட்ஸ்கில் இருக்கும் ஒரு மெஷினைத் தட்டிப் பார்த்தாள். நூற்று நாற்பது கூறு. விநாடியில் ஏழில் ஒரு பங்கு. மறுபடி தட்டினாள். அதேதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கெரிம்குல் பேசியபோது வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு, வலது காலால் மெல்லத் தரையைத் தட்டி எண்ணினாள். ஒன்று. இரண்டு. அரை.

"வர்றேன், இந்த வேலை..."

"லைனுக்கு ஒரு கைதட்டுற நேரம்கூட ஆகல, கெரிம்குல். நான் அளந்து பாத்துட்டேன். மிச்ச நேரம் யாரோடது?"

அதற்கப்புறம் வந்த மௌனத்தை அவள் எண்ணவில்லை. கடைசியில் அவன், "இங்க ஒருத்தி இருக்கா. நாலு வயசுல ஒரு பையனும் இருக்கான்" என்றான்.

"சரி. குளிருக்குக் காதை மூடிக்கிட்டுப் போங்க" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். அன்று மத்தியானம் முழுக்க முற்றத்தில் உட்கார்ந்து மெத்தைக்குக் கம்பளி மயிரைக் குச்சியால் அடித்துக்கொண்டிருந்தாள். பஞ்சு பஞ்சாகப் பிரிந்த பிறகும் விடாமல் அடித்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள்.

அப்படித்தான் அளக்கிற வேலை அவளுடையது ஆயிற்று. பத்து வருஷத்தில் எந்த மலையில் எந்தக் கம்பம் எத்தனை கூறில் பதில் சொல்லும் என்பது அவளுக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம். புதிதாக ஓர் இடத்தில் அளவுப்பெட்டி வைக்க வேண்டுமென்றால் அதைத் தயார் செய்து அனுப்புவதும் அவள்தான்.

காரா-புலுங் விவகாரம் ஜூன் மாதத் தொடக்கத்தில் வந்தது.

காரா-புலுங் என்பது தெரிங் ஏரிக்கு அந்தப் பக்கம், முப்பது வீடு. கணவாய் ஏறி இறங்கினால் ஜீப்பில் ஐந்து மணி நேரம். அங்கே டாக்டர் கிடையாது. ஜாங்கில் என்கிற மருத்துவ உதவியாளர் ஒருத்திதான். போன டிசம்பரில் ஏரிக்கு இந்தப் பக்கம் கணவாய் உச்சியில் ஒன்றும், ஊருக்குப் பக்கத்துக் கரையில் ஒன்றுமாகக் கம்பம் நட்டு இணையம் கொடுத்திருந்தார்கள். தலைநகரத்தில் ஒரு டாக்டரம்மா தினமும் காலை ஏழு மணிக்கு, தன் வார்டைச் சுற்றப் போகும் முன்னால், காரா-புலுங்குக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார். ஜாங்கில் கருவியை ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் வைத்தால் குழந்தையின் துடிப்பு அங்கே கேட்கும்.

"மே மாசம் வரைக்கும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு எஜே" என்றாள் ஜாங்கில் தொலைபேசியில். "இப்ப ஏழு மணிக்கு உக்காந்தா டாக்டரம்மா வாய் முன்னாடி போகுது, பேச்சு பின்னாடி வருது. 'வலி இருக்கா'ன்னு கேட்டதுக்கு நான் 'கொஞ்சம்'னு சொல்றேன். அது போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க 'பசி இருக்கா'ன்னு கேட்டுட்டாங்க. ஒருத்திக்குப் பசியே இல்லன்னு டானிக் எழுதிக் குடுத்துட்டாங்க. அவ ஒரு ஆட்டையே தின்பா!"

"தினமுமா?"

"பெரும்பாலும். காத்து அடிக்கிற நாள்ல கொஞ்சம் பரவால்ல. ஏன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது."

புருல்கான் உள்ளங்கை அளவுக் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்துவைத்து உட்கார்ந்தாள். யார் யாரைத் தட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தாள்: ஊர்க் கம்பம், கணவாய்க் கம்பம், பிறகு இந்த மூன்றாம் மாடி. அவர்கள் வழக்கத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தட்டுத்தான். அவள் நிமிஷத்துக்குப் பத்து என்று மாற்றினாள். அங்கே ஒரு குழந்தையின் இதயத்தையல்லவா கேட்கிறார்கள். ஒவ்வொரு தட்டும் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், பதில் வராவிட்டால் எத்தனை நேரம் பொறுத்து 'தொலைந்தது' என்று எழுத வேண்டும், பத்துப் பதிலில் நடுவானது எது, முந்தியது எது, பிந்தியது எது, எல்லாம் எழுது என்று சொன்னாள். கடைசியாகப் பெட்டி ஒரு கேள்வி கேட்டது: எந்த நாட்டுக் கடிகாரம்?

அந்த நேரம் பாப்ளார் மரங்கள் பஞ்சு உதிர்க்கிற நேரம். ஆற்றோரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. ஒரு பஞ்சு ஜன்னல் வழியாக உள்ளே வந்து, தேநீர்க் கோப்பையின் ஆவிக்கு மேல் ஏறி, இறங்கி, எங்கே உட்காரலாம் என்று யோசிப்பதுபோல் அவள் விரல்களுக்கு மேல் சுற்றியது. புருல்கான் மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பார்த்தாள். அது விசைப்பலகையில் வந்து உட்கார்ந்தது. அதைக் கலைக்காமல், பெட்டியின் கேள்விக்குப் 'பிறகு' என்று பக்கத்து விசையை அழுத்தினாள். பெட்டியைத் துணியில் சுற்றி, ஜாங்கிலின் மருத்துவ அறையில் வைக்கச் சொல்லி ஜீப் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினாள்.

ஒரு வாரம் கழித்து இஷென்பை அவள் தோளுக்கு மேல் குனிந்து திரையைப் பார்த்தான்.

"காலை ஏழு மணியா? பாருங்க எஜே, புல்வெளி மாதிரி சமமா கெடக்கு. ஜாங்கிலோட கம்ப்யூட்டர்தான் கோளாறு. ஆனா இங்க பாருங்க, ராத்திரி ஒரு மணிக்கு. இது என்ன மலை?"

உண்மைதான். நள்ளிரவு தாண்டிக் கோடு மெல்ல எழும்பி, ஒரு மணிக்கு உச்சிக்குப் போய், மூன்று மணி வாக்கில் சரிந்தது. தினமும்.

"அந்த நேரத்துல யாரோ படம் இழுக்கறாங்க. அந்த ஊர்ல அதிகமா யார் உபயோகிக்கறது?"

தோரோன்பெக். அறுபத்துநான்கு வயது ஆட்டுக்காரர். குதிரை மேலிருந்து ஆட்டுடலைப் பிடுங்கி ஓடும் கோக்-போரு பந்தயங்கள் என்றால் அவருக்கு உயிர். பழைய பந்தயங்களையெல்லாம் தேடித் தேடிப் பார்ப்பார். நள்ளிரவிலிருந்து நாலு மணி வரை அவருடைய லைனை நிறுத்தி வைக்கச் சொன்னான் இஷென்பை. புருல்கான் தன் கையாலேயே நிறுத்தினாள். கம்பெனியிலிருந்து அவருக்கு ஒரு செய்தியும் போயிற்று: இரவு ஒரு மணி அளவில் தாங்கள் அளவுக்கு மீறி இணையம் பயன்படுத்துவதால்...

மறுநாளே அவர் அழைத்தார்.

"ஆபீஸ் அம்மா, ராத்திரி ஒரு மணிக்கு நான் என்ன பாக்கறேன்னு என் பொண்டாட்டி கேக்கறா. எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமாமே, நீங்களே சொல்லுங்க."

"பைகே..." மூத்த ஆண்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும். அவள் திரையில் அந்தக் கோட்டை மறுபடி பார்த்தாள். "பெட்டி அப்படித்தான் காட்டுது, பைகே."

"ஒன்பது மணிக்குப் படுத்தா சேவல் கூவுறப்ப எந்திரிக்கிறவன் நான். உங்க செய்திய என் மருமக சத்தமாப் படிச்சுக் காட்டினா. இப்ப ஊர்ல என்னைப் பாத்தவனெல்லாம் 'அக்சகல், பெரியவரே, நேத்து ராத்திரி படம் எப்படி'ன்னு கேக்கறான். தாடி நரைச்ச வயசுல எனக்கு இது தேவையா?"

லைனை நிறுத்திய பிறகும் ஒரு மணி மலை அப்படியே இருந்தது. புருல்கானுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் எது என்று பிடிபடவில்லை.

அடுத்த வாரம் நடந்ததுதான் பெரிசு. தோரோன்பெக்கின் அந்த மருமகள் நூர்ஜமால் எட்டு மாதக் கர்ப்பிணி. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஜாங்கில் அவள் வயிற்றில் கருவியை வைக்க, தலைநகரத்தில் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். குழந்தையின் துடிப்பு விட்டு விட்டு வருகிறது. உடனே நரினுக்குக் கொண்டு போங்கள். ஐந்து மணி நேரம், கணவாயின் கல் எல்லாம் அந்தப் பிள்ளைத்தாய்ச்சியின் இடுப்பில் இறங்க, ஜீப்பில் கொண்டுவந்தார்கள். நரின் ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்டால் துடிப்பு கடிகாரம் மாதிரி இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. இரண்டு நாள் படுக்கவைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி ஐந்து மணி நேரம்.

டாக்டரம்மா தான் கேட்ட சத்தத்தைப் பதிவு செய்து ஜாங்கிலுக்கு அனுப்பியிருந்தார். ஜாங்கில் அதைப் புருல்கானுக்கு அனுப்பினாள். கூட ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

புருல்கான் காதில் மாட்டிக் கேட்டாள். டக் டக் டக் டக். சின்னஞ்சிறு குதிரை ஒன்று ஓடுவதுபோல. பிறகு ஒரு பள்ளம். பிறகு டடடக் என்று ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்து நாலைந்து துடிப்பு. மறுபடி ஒழுங்கான ஓட்டம். நாலு தடவை கேட்டாள். வலது கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது. பள்ளத்தில் தட்டுவதை நிறுத்தாமல் தொடர்ந்து தட்டினாள். குவியல் முடிந்த இடத்தில் காலும் துடிப்பும் ஒரே அடியில் வந்து சேர்ந்தன.

ஓர் அடியும் காணாமல் போகவில்லை. எல்லாம் வந்திருக்கின்றன, பிந்தி வந்திருக்கின்றன. மழலையர் பள்ளியில் பிள்ளைகள் வரிசையாக வெளியே வரும்போது கதவு ஒரு கணம் இறுகிக்கொண்டால் இப்படித்தான். திறந்ததும் நாலைந்து பேர் ஒருவர்மேல் ஒருவர் வந்து விழுவார்கள். இதயம் தவறவிட்ட அடியைப் பின்னாலிருந்து ஓடிவந்து பிடிக்காது. இது குழந்தையுடைய குறை இல்லை. லைனுடையது. காலை ஏழு மணிக்கு.

மறுநாள் ஏழு மணிக்கு முன்பே ஆபீசைத் திறந்தாள். பெட்டி அந்தந்தக் கணத்தில் எழுதுவதை நேரடியாகத் திரையில் ஓடவிட்டு, ஜாங்கிலைக் கூப்பிட்டாள்.

"இப்ப எப்படி?"

"இப்ப நல்லா... இல்ல, நின்னுடுச்சு. எஜே? கேக்குதா?"

திரையில் முந்நூற்று எண்பது. நானூற்றுப் பத்து. தொலைந்தது. அறுநூற்று இருபது. புருல்கான் அந்த வரிகளின் இடது ஓரத்தைப் பார்த்தாள். பெட்டி ஒவ்வொரு வரிக்கும் நேரம் எழுதிக்கொண்டே வந்தது. ஒன்று பன்னிரண்டு. ஒன்று பன்னிரண்டு. ஒன்று பதின்மூன்று.

சுவரில் ஏழு பதின்மூன்று.

வெகுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணி நேரம். பெட்டி உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் விடியாத ஊரின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, பாவம், உண்மையை மட்டும் எழுதிக்கொண்டிருந்தது. ஒரு பஞ்சு. ஒரு 'பிறகு'.

ஒன்பது மணிக்கு இஷென்பை வந்ததும் எழுந்து நின்று சொன்னாள். "அந்த மலை ராத்திரியில இல்ல. காலையில. கடிகாரத்தை நான் வைக்கல. தோரோன்பெக் மேல தப்பில்ல, ஜாங்கில் மேலயும் தப்பில்ல. என் மேலதான்."

அவன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு, "சரி விடுங்க. லைனைத் திறந்து விட்டுட்டு ரெண்டு பேருக்கும் போன்ல சொல்லிடலாம்" என்றான்.

"போன்ல எல்லாரும் எல்லாமும் சொல்லலாம் இஷென்பை. அவரை ஊரே கேலி பண்ணியிருக்கு. நேர்ல போய்ச் சொல்லணும். நீங்களும் கம்பத்தைப் பாக்கணும்ல, ஜீப்பை எடுங்க."

சாயங்காலம் காரா-புலுங் போய்ச் சேர்ந்தார்கள். தோரோன்பெக் வாசலிலேயே நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தார். உயரமான மனிதர், தாடி நாலு இழைதான் என்றாலும் நல்ல வெள்ளை.

"குரலை வச்சு நான் சின்னப் பொண்ணுன்னுல்ல திட்டினேன்" என்றார். "உள்ள வாங்க. ஆனா ஒண்ணு. என்கிட்ட தனியாச் சொல்லக் கூடாது."

அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஆள் போயிற்று. அறை நிறைய ஆட்கள். நடுவில் விரித்த துணிமேல் பொரித்த மாவுத்துண்டு போர்சோக், பாலேடு, புளித்த குதிரைப்பால் குமிஸ். நூர்ஜமால் கனத்த வயிற்றோடு சாய்ந்து உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். புருல்கான் எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைப் பற்றி, கடிகாரத்தைப் பற்றி, பஞ்சைப் பற்றியும்கூட மறைக்காமல் சொன்னாள். "இவர் ராத்திரியில எதுவும் பாக்கல. நான்தான் பாக்காம விட்டது."

தோரோன்பெக்கின் மனைவி நிமிர்ந்தாள்.

"அப்ப அது காலையில ஏழு மணியா?"

"ஆமா எஜே."

"காலையில ஏழு மணிக்கு என்ன படம் பாத்தீங்க?" என்று கணவனைக் கேட்டாள்.

"பசு மடியைப் பாத்தேன்! உனக்குத்தானே பால் கறந்துக்கிட்டிருந்தேன்!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. குமிஸ் கிண்ணத்தை அவரே புருல்கான் கையில் கொடுத்தார். நூர்ஜமால் மட்டும் சிரிக்காமல் அவளைப் பார்த்தாள்.

"அப்ப இதுக்கு ஒண்ணும் இல்லதானே?" என்று வயிற்றைத் தொட்டுக் கேட்டாள்.

"ஒரு அடிகூடத் தப்பலம்மா. நான் எண்ணிப் பாத்தேன்."

விடிந்தும் விடியாமலும் புருல்கான் எழுந்து ஏரிக்கரைக்குப் போனாள். கைபேசியில் பெட்டியின் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. முப்பது, இருபத்தெட்டு, முப்பது. புல்லில் பனித்துளி, செருப்பு நனைந்து கால்விரல் சில்லிட்டது. சூரியன் மலைக்குப் பின்னால் இருந்தது. இரவெல்லாம் வீசிய காற்று கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்துகொண்டிருந்தது. தண்ணீரின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நீவி விட்டதுபோல் மறைந்தன. பிறகு ஏரி அசைவதை நிறுத்தியது.

அப்படி ஓர் அசைவின்மையை அவள் பார்த்ததில்லை. எதிர்க்கரை மலை தலைகீழாக இறங்கி, அதன் பனி முடி அவள் காலடிக்கே வந்து நின்றது. ஒரு தாரா நீந்திப் போனது. அதற்குக் கீழே இன்னொரு தாரா வயிற்றோடு வயிறு ஒட்டிக்கொண்டு போனது. எங்கே கரை முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்று தெரியவில்லை. தான் நிற்கிற இடம் மட்டும்தான் நிஜம், அதுகூடச் சந்தேகம் என்று இருந்தது. தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கீழேயிருந்தும் ஒருத்தி கூப்பிடுவாள் போல. எவ்வளவு நேரம் நின்றாளோ. கையில் கைபேசி இருக்கிற நினைவு வந்து பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு. முந்நூறு. நானூற்று ஐம்பது.

தலையை நிமிர்த்திக் கணவாயைப் பார்த்தாள். உச்சியில் அவர்களுடைய கம்பம் ஊசி மாதிரி நின்றது. தண்ணீருக்குள் பார்த்தாள். அங்கேயும் ஒரு கம்பம், தலைகீழாக, அதே அளவு தெளிவாக.

போர்வையைப் போர்த்திக்கொண்டு இஷென்பை பின்னால் வந்து நின்றான். அவள் பேசாமல் கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். முதலில் மேலே. பிறகு கீழே.

அவன் நின்றபடியே, "ஐயோ" என்றான். "மேல இருந்து வர்றது ஒண்ணு, தண்ணியில பட்டு வர்றது ஒண்ணு. ஒரே பேச்சு ரெண்டு தடவை வந்து ஒண்ணையொண்ணு கலைக்குது. நம்ம ஆண்டெனா புரியாம 'என்ன, என்ன'ன்னு திரும்பத் திரும்பக் கேக்குது. அதான் தாமதம். நாம நட்டது டிசம்பர்ல எஜே. அப்ப இங்க தண்ணியே இல்ல, பனிமேடு."

"ஜாங்கில் சொன்னா. காத்தடிச்சா பரவால்லன்னு. நான் காதுல வாங்கல."

இருவரும் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். ஒன்பது மணி வாக்கில் தூரத்தில் தண்ணீரில் கறுப்பாக ஒரு திட்டு தோன்றியது. அது விரிந்து விரிந்து வந்தது. மலை உடைந்தது, தாரா ஒன்றாயிற்று, கீழ்க் கம்பம் நெளிந்து துண்டு துண்டாகப் போனது. எண்கள் இறங்கின. நானூறு. தொண்ணூறு. முப்பத்தொன்று. புருல்கான் பெருமூச்சு விட்டாள். பிரச்சினை தீர்ந்ததற்காகவா, அந்தக் காட்சி போய்விட்டதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எதிர்க் கம்பம் கண்ணுக்குத் தெரியணும், தண்ணி தெரியக் கூடாது. அப்படி ஒரு இடம் வேணும்" என்றான் இஷென்பை, தோரோன்பெக் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே. "இந்தக் கரையில அதுக்கு எங்க போறது? எங்க நின்னாலும் ஏரிதான்."

தோரோன்பெக் தாடியைத் தடவினார். "என் ஆடுங்களைக் கேளுங்க. தண்ணி கண்ணுல பட்டா அதுங்க மேயாது, கரைக்கு ஓடும். அதனால நான் ஒரு மேட்டுக்குப் பின்னாடிதான் விடறது. அங்க நின்னா கணவாய் தெரியும். ஏரி இருக்கறதே தெரியாது."

போய் நின்று பார்த்தார்கள். முன்னால் ஒரு முதுகு மாதிரி மேடு. அதற்கு மேலே கணவாய், கம்பம், ஆகாயம். ஏரி இல்லவே இல்லை. பழைய இடத்திலிருந்து நூறு அடி தள்ளித்தான்.

"படிச்சவங்க நட்ட கம்பத்தை ஆட்டுக்காரன் மாத்தி நடறான்" என்று சொல்லிக்கொண்டே முதல் குழியை அவரே தோண்டினார். இரண்டு நாள் வேலை. ஊரில் பாதி வந்து கல் சுமந்தது.

மூன்றாம் நாள் காலை ஏழு மணி. ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் புருல்கான் மருத்துவ அறைக்கு வந்தாள். ஜாங்கில் நூர்ஜமாலின் வயிற்றில் கருவியை வைத்தாள். டாக்டரம்மா திரையில் காது கொடுத்துக் கேட்டார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். தரையில் புருல்கானின் வலது கால் தட்டுகிற சத்தம் மட்டும்.

"நல்லா ஓடுது" என்றார் டாக்டரம்மா. வாயும் பேச்சும் ஒன்றாக வந்தன. "யாரு அங்க காலைத் தட்டறது? அது ஒரு அடி பின்னாடி வருது."

ஜூலை கடைசியில் நூர்ஜமாலுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பழைய இடத்து ஆண்டெனாவைக் கழற்றி வந்துவிடலாம் என்றான் இஷென்பை. புருல்கான் வேண்டாம் என்றாள். சின்னச் சூரியத் தகடு ஒன்று போதும், ஓர் அளவுப்பெட்டி அதில் இருக்கட்டும், கொஞ்ச நாள்.

"எதை அளக்க?"

"ஏரியை."

அவன் சரி என்று தலையாட்டிப் போனான். அந்தக் கோடையும் இலையுதிர் காலமும் அவள் காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். கோடு எழும்பியிருந்தால் இன்றைக்கு ஏரி அசையவில்லை என்று அர்த்தம். எழும்பாவிட்டால் அங்கே விடியும்போதே காற்று. ஐந்து மணி நேரத் தூரத்தில், யாரும் பார்க்காமல் ஒரு மலை தண்ணீருக்குள் இறங்குவதும் ஏறுவதும் அவளுக்கு மட்டும் தெரியும். சில நாள் தேநீர் ஆறிப்போகும்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் கோடு எழும்பியது, இறங்கவில்லை. மத்தியானம் ஆயிற்று. அன்றைக்குக் காற்று பலமாக வீசுகிறது என்று வானிலை சொன்னது. கோடு அசையாமல் உச்சியிலேயே நின்றது. புருல்கான் தோரோன்பெக்கை அழைத்தாள்.

"பைகே, ஏரிப் பக்கம் போனீங்களா?"

"இந்தக் குளிர்ல யாரு போவா? பேத்தியைத் தூக்கி வச்சுக்கிட்டு அடுப்புகிட்ட உக்காந்திருக்கேன். எதுக்கு?"

"ஒருக்கா எட்டிப் பாத்துச் சொல்லுங்களேன்."

முனகிக்கொண்டே எழுந்தார். பூட்ஸ் மாட்டுகிற சத்தம், கதவு, நாயின் குரைப்பு, உறைந்த புல் நொறுங்குவது, காற்றின் இரைச்சல் எல்லாம் அவளுக்குக் கேட்டது. பிறகு காலடிச் சத்தம் நின்றது.

"பைகே?"

"உறைஞ்சிடுச்சு" என்றார் மெதுவாக. "இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும். பனி இன்னும் விழல. கறுப்புக் கண்ணாடி. காத்து அதும்மேல வழுக்கிக்கிட்டுப் போகுது. நாங்க இங்கயே இருக்கோம், எங்க யாருக்கும் தெரியல. இருங்க, இதைக் கேளுங்க."

அவர் கைபேசியை ஏரியை நோக்கி நீட்டியிருக்க வேண்டும். முதலில் காற்று மட்டும். அப்புறம் எங்கோ ஆழத்திலிருந்து ஒரு நீண்ட ஒலி கிளம்பி, ஏரியின் குறுக்கே ஓடி, தூரத்தில் போய் மெலிந்தது. புதுப் பனிக்கட்டி இறுகும்போது அப்படிப் பாடும். கொஞ்ச நேரம் கழித்து மற்றொன்று, அதைவிடத் தாழ்ந்த சுருதியில்.

இஷென்பை ஏதோ கேட்க உள்ளே வந்தான். புருல்கான் ஒரு விரலை உயர்த்தி அவனை நிறுத்தி, கைபேசியை அவன் காதுக்கும் தன் காதுக்கும் நடுவில் பிடித்தாள்.